லக்சர் மேற்குக் கரைக்கு அரை நாளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எகிப்தில் மன்னர்கள் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களில் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன என்ற செய்தி வந்ததிலிருந்து எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் எகிப்து டூர் விளம்பரங்கள் வரிசை கட்டி வருகின்றன. ‘தமிழன் தடம் பதித்த பூமி’ என்று ஒன்று, ‘எட்டே நாளில் எகிப்து முழுசும்’ என்று இன்னொன்று, தென்னிந்தியச் சமையல்காரர் கூடவே வருவார் என்று வேறொன்று. இந்தச் சூட்டிலேயே உங்கள் ஞாயிறு இணைப்பிலும் எகிப்துப் பயணக் கட்டுரை வந்தது. படங்கள் நன்றாக இருந்தன, குறை சொல்ல முடியாது. ஆனால் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்த பயணத் திட்டத்தைப் பார்த்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதில் லக்சர் மேற்குக் கரைக்கு ஒதுக்கியிருப்பது அரை நாள். அந்த அரை நாளுக்குள்ளேயே மன்னர்கள் பள்ளத்தாக்கு, ஹட்ஷெப்சுட் என்ற அரசியின் கோயில், மெம்னான் எனப்படும் இரண்டு பெரிய சிலைகள், அப்புறம் ஒரு அலபாஸ்டர் கல் பட்டறை. நானும் கிட்டத்தட்ட இதே திட்டத்தில் ஒரு குழுவோடு போய் வந்தவள்தான். அது போதாது, போதவே போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நைலின் கிழக்குக் கரையில் கர்னாக் கோயிலும் லக்சர் கோயிலும் ஊரும் இருக்கின்றன. மேற்குக் கரை, அதாவது சூரியன் மறையும் பக்கம், இறந்தவர்களுடையது. மன்னர்கள் பள்ளத்தாக்கில் மட்டும் 60-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு அரசர்களை அங்கேதான் மலையைக் குடைந்து அடக்கம் செய்தார்கள். அதற்குத் தெற்கே ராணிகள் பள்ளத்தாக்கு. இடையில், அந்தக் கல்லறைகளையெல்லாம் வெட்டிய தொழிலாளர்கள் குடியிருந்த டெயிர் எல் மெடினா. மலைச்சரிவு முழுக்க மந்திரிகள், அதிகாரிகளின் கல்லறைகள், நூற்றுக்கணக்கில். சமவெளிக்கு இறங்கினால் ராமேசியம், மெடினட் ஹாபு என்று பெரும் கோயில்கள். இவ்வளவையும் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்குள் முடித்துவிட்டு, நைலில் போகும் டூர் கப்பல் கிளம்பும் முன் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

அந்த அரை நாள் எப்படிக் கரைகிறது என்று சொல்கிறேன். பள்ளத்தாக்கின் பொது டிக்கெட்டுக்கு மூன்று கல்லறை பார்க்கலாம். எந்த மூன்று என்பது நம் விருப்பம், அன்றைக்குத் திறந்திருப்பவற்றில் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கல்லறைக்குள் வந்து கைடு விளக்கம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் அவர் வெளியே படம் போட்ட பலகை முன்னால் நின்று பத்து நிமிஷத்தில் மூன்று கல்லறையின் கதையையும் ஒப்பித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து பஸ் அருகே சந்திப்போம் என்று நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். எல்லாக் குழுவும் எங்கே போகும்? பாதை ஓரத்தில், படி குறைவாக, முட்டிக்கு இதமாக இருக்கும் ராம்சேஸ் 4, ராம்சேஸ் 9 கல்லறைகளுக்குத்தான். ஸ்பானியக் குழு, சீனக் குழு, நம் குழு எல்லாம் ஒரே தாழ்வாரத்தில் நசுங்கிக்கொண்டு போகும். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நிற்பாரே, அப்படித்தான் சுவரைப் பார்க்க முடிந்தது. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் வெளியே வந்து, ‘எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு, நாய்த்தலை, பருந்துத்தலை’ என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வேகத்தில் நடந்தால் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இப்படி ஆகும் என்று முன்பே தோன்றியதால் நானும் அக்காவும் குழு ஊருக்குக் கிளம்பியபோது அவர்களோடு போகாமல், மேற்குக் கரையில் ஒரு சின்ன விடுதியில் தங்கிவிட்டோம். இனி நான் சொல்வதெல்லாம் அந்தத் தங்கலில் பார்த்தவை.

ராம்சேஸ் 6 கல்லறைக்குத் தனி டிக்கெட். வாங்குங்கள். அதன் கடைசி அறையில் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். வானத்தின் தெய்வமான நூட், கருநீலப் பின்னணியில் மஞ்சள் உடம்போடு அறையின் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறாள். ஒருமுறை அல்ல, முதுகோடு முதுகு ஒட்டினாற்போல இரண்டு முறை. ஒரு பாதி பகல், மறு பாதி இரவு. சாயங்காலம் சூரியனை வாயால் விழுங்குகிறாள். அது அவள் உடம்புக்குள்ளேயே சிவப்பு வட்டமாக ஒவ்வொரு மணி நேரமாக நகர்ந்து போய் விடியலில் மறுபடி பிறக்கிறது. அந்தச் சிவப்பு வட்டங்களை வாயிலிருந்து எண்ணிக்கொண்டே போனால்தான் ஓவியம் புரிகிறது. அதற்குக் கழுத்து வலிக்கக் கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். காவலாளி ‘யல்லா, யல்லா’ என்று விரட்டினார்தான். கூட்டம் வடிகிற மதிய நேரத்தில் போனால் அவரும் விரட்டுவதில்லை, விசிறிக்கொள்ள ஒரு அட்டைத் துண்டை நீட்டிவிட்டு (பக்ஷீஸ் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்) ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்.

பொது டிக்கெட்டில் மூன்றில் ஒன்றாக துத்மோஸ் 3 கல்லறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முட்டி ஒத்துழைத்தால். பள்ளத்தாக்கின் கோடியில், பாறைப் பிளவில் உயரத்தில் இருக்கிறது. இரும்புப் படி ஏறி, அப்புறம் உள்ளே செங்குத்தாக இறங்க வேண்டும். வெக்கை மூச்சை முட்டும். அதனாலேயே குழுக்கள் அங்கே வருவதில்லை. அடியில் இருக்கும் அறைக்கு மூலைகளே இல்லை, முட்டை வடிவம். சுவரில் மற்றக் கல்லறைகளில் காண்கிற சதைப்பிடிப்பான வண்ண உருவங்கள் கிடையாது. வெளிறிய பின்னணியில் கறுப்பிலும் சிவப்பிலும் வெறும் கோட்டு உருவங்கள், குச்சி மனிதர்கள், நடுநடுவே எழுத்து. ஒரு பெரிய பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளை அப்படியே சுவரில் விரித்து ஒட்டியதாகத் தெரிய வேண்டும் என்றே வரைந்திருக்கிறார்கள். இரவின் 12 மணி நேரத்தில் சூரியன் பாதாளத்தில் செய்யும் படகுப் பயணம் அது. ஒரு தூணில் ஒரு மரம். அதிலிருந்து ஒரு கை நீள்கிறது, ஒரு மார்பு நீள்கிறது, அதில் அரசன் பால் குடிக்கிறான். நான்கைந்து கோட்டில் முடித்துவிட்டான் வரைந்தவன். 3,400 ஆண்டு ஆகியும் கை நடுக்கம் இல்லாத கோடு. நானும் அக்காவும் இதன் முன்னால் நின்ற நேரத்தில் அந்த அறைக்குள் வேறு யாருமே இல்லை.

துட்டங்காமுன் பற்றிக் கேட்பீர்கள். எல்லா டூர்காரர்களும் அதைத்தான் ‘ஸ்பெஷல்’ என்று கூடுதல் காசுக்கு விற்கிறார்கள். 1922 நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர் என்ற ஆங்கிலேய அகழ்வாய்வாளர் கண்டுபிடித்தது, உலகப் புகழ், எல்லாம் சரி. ஆனால் அந்தக் கல்லறை சின்னது. நான்கே அறை, அதில் ஓவியம் உள்ளது ஒன்றில் மட்டும். அவனுடைய மம்மி இன்னும் அங்கேதான் இருக்கிறது, பொருள்கள் எல்லாம் கெய்ரோ போய்விட்டன. அதே காசைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் (கொஞ்சம் அல்ல, நிறைய, மறைக்க மாட்டேன்) சேத்தி 1 கல்லறை பார்க்கலாம். 1817-ல் பெல்சோனி என்ற இத்தாலியர், ஒரு காலத்தில் சர்க்கஸில் பயில்வானாக வித்தை காட்டியவர், அதைக் கண்டுபிடித்தார். 130 மீட்டருக்கு மேல் மலைக்குள் இறங்குகிறது. பல சுவர்களில் வெறும் ஓவியம் அல்ல, செதுக்கிய புடைப்புச் சிற்பத்தின் மேல் வண்ணம். மெல்லிய ஆடையின் மடிப்பு வரைக்கும் தெரிகிறது. அரசனின் உடலை வைத்திருந்த அலபாஸ்டர் பெட்டி மட்டும் லண்டனில் ஒரு சிறிய மியூசியத்தில் இருக்கிறது, அது வேறு வயிற்றெரிச்சல்.

என்னைக் கேட்டால் அரசர்களை விடத் தொழிலாளர் ஊர்தான் மேற்குக் கரையின் உயிர். டெயிர் எல் மெடினா பக்கம் எங்கள் குழுவின் பஸ் திரும்பவே இல்லை, பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. இடுப்பு உயரக் கற்சுவர்களாக அந்தத் தெரு அப்படியே கிடக்கிறது: வாசல் அறை, நடு அறை, பின்னால் அடுக்களை, மாடிக்குப் படி. இவர்கள் படித்தவர்கள், வரையத் தெரிந்தவர்கள், கண்டதையும் ஓட்டுச் சில்லிலும் கல் சில்லிலும் எழுதி வைத்தவர்கள். ராம்சேஸ் 2-இன் 40-ஆம் ஆண்டு வருகைப் பதிவேடு ஒன்று இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று அதில் இருக்கிறது: தேள் கொட்டிவிட்டது, கண் நோய், வீட்டில் பீர் காய்ச்சுகிறான், தாயின் உடலைப் பதப்படுத்தப் போயிருக்கிறான்.

அப்புறம் அந்த வேலைநிறுத்தம். வங்கியில் சங்கத்தில் இருந்து கொடி பிடித்தவள் நான், இதைச் சொல்லாமல் விட மாட்டேன். ராம்சேஸ் 3-இன் 29-ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 12-ஆம் நூற்றாண்டு. கூலியாக வர வேண்டிய தானியம் வரவில்லை. தொழிலாளர்கள் கருவியைப் போட்டுவிட்டுக் காவல் சுவரைத் தாண்டிப் போய் ஒரு கோயிலின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசியாலும் தாகத்தாலும்தான் வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று அவர்கள் சொன்னது பாப்பிரஸில் பதிவாகி இத்தாலியின் துரின் நகர மியூசியத்தில் இருக்கிறது. எழுத்தில் கிடைத்த உலகின் முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். மன்னர்கள் பள்ளத்தாக்கில் வாய் பிளந்து பார்த்த சுவர்களை வரைந்த பரம்பரை இது. தங்களுக்கென்று அவர்கள் கட்டிக்கொண்ட கல்லறைகளும் அங்கேயே இருக்கின்றன. சென்னெஜம் என்பவருடையதற்குள் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து இறங்க வேண்டும். பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும் அறை, வளைந்த கூரை, சுவரெங்கும் பளீரென்ற மஞ்சள். கோடிச் சுவரில் அவரும் மனைவியும் மறுவுலக வயலில் உழுகிறார்கள், அறுக்கிறார்கள். உழைத்து ஓய்ந்தவர் செத்த பிறகும் வெள்ளை வேட்டி கசங்காமல் ஏர் பிடிக்கிறார், பின்னால் மனைவி விதை தூவிக்கொண்டு வருகிறாள். அக்கா அதைப் பார்த்து, ‘செத்தும் பொம்பளைக்கு வயக்காட்டு வேலை போகல பாரு’ என்றாள்.

அதிகாரிகளின் கல்லறைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். செனெஃபர் கல்லறையின் கூரைப் பாறையைச் சமப்படுத்தாமல் மேடும் பள்ளமுமாக விட்டு, அதன் மேல் திராட்சைக் கொடியும் குலையுமாக வரைந்துவிட்டார்கள். மேடாக இருக்கும் இடத்தில் குலை நிஜமாகவே தொங்குகிறது. துத்மோஸ் 3-இன் தலைமை மந்திரி ரெக்மிரே கல்லறையில் செங்கல் அறுப்பவர்கள், தச்சர்கள், பொற்கொல்லர்கள், கப்பம் கொண்டுவரும் வெளிநாட்டார் என்று ஒரு ராஜ்ஜியமே சுவரில் நடமாடுகிறது. கப்பமாக வந்த ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஒரு குரங்கு ஏறுகிறது. இங்கே வரும் கூட்டம் விரல் விட்டு எண்ணக்கூடியது. மெடினட் ஹாபுவும் அப்படித்தான், அவ்வளவு பெரிய கோயில், கை நுழையும் ஆழத்துக்கு வெட்டிய எழுத்துகள், மேல்தளத்தின் அடிப்பாகத்தில் அழியாத நீலமும் சிவப்பும், போரில் வெட்டிய எதிரிகளின் கைகளைக் குவித்து வைத்து எழுத்தர் கணக்கெடுக்கும் காட்சி. நாங்கள் போன சாயங்காலத்தில் அங்கே பூனைகள்தான் அதிகம்.

சரி, நேரம் இல்லை என்றுதானே இதையெல்லாம் விடுகிறார்கள்? நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். கெய்ரோவில் பாப்பிரஸ் கடை. ‘ஆராய்ச்சி நிலையம்’ என்று பலகை, குளிர்பானம், செய்முறை விளக்கம், அப்புறம் பில். அடுத்தது வாசனை எண்ணெய்க் கடை. தாமரைத் தைலம் மூட்டுவலிக்கும் நல்லது, மனக்கவலைக்கும் நல்லது என்கிறார்கள். பருத்தித் துணிக் கடை. அஸ்வானில் மசாலாக் கடை. நமக்கே மசாலாவா! லக்சரில் அலபாஸ்டர் பட்டறை: வாசலில் நாலு பேர் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே கல்லை ராவுகிறார்கள், பஸ் வந்தால் பாட்டு ஆரம்பிக்கிறது, ஆள்கள் உள்ளே போனதும் நின்றுவிடுகிறது. எங்கள் குழு அந்தப் பட்டறையில் இருந்த நேரம் மன்னர்கள் பள்ளத்தாக்கில் இருந்த நேரத்துக்குச் சற்றுத்தான் குறைவு. கைடுகளைத் திட்டிப் பயனில்லை. இங்கே விலையைக் குறைத்துக் குறைத்து விளம்பரம் போட்டால் அந்தக் குறைவை அங்கே கடைக் கமிஷனில்தான் ஈடுகட்டுவார்கள். மலிவு டூரின் மிச்சத் தொகையை நாம் நேரமாகக் கட்டுகிறோம், அவ்வளவுதான் கணக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாரும் கல்லறைக்குள் அதிக நேரம் நின்றால் கல்லறை என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. ராணிகள் பள்ளத்தாக்கில் நெஃபெர்தாரியின் கல்லறை, இருப்பதிலேயே அழகான ஓவியங்கள் என்று பெயர் வாங்கியது, அந்தப் பாறையிலேயே உப்பு. ஈரம் பட்டால் உப்பு கரைந்து, காயும்போது சாந்துக்குப் பின்னால் படிகமாகி, ஓவியத்தோடு சாந்தைத் தள்ளிவிடுகிறது. பல ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தார்கள். எகிப்தின் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி நிறுவனமும் சேர்ந்து 1986 முதல் 1992 வரை செப்பனிட்டன. 1995-ல் திறந்தபோது ஒரு நாளுக்கு 150 பேர் என்றுதான் அளவு வைத்தார்கள். நம் மூச்சும் வேர்வையும்கூட ஈரம்தானே. துட்டங்காமுன் கல்லறையை அச்சு அசலாக நகலெடுத்து, கார்ட்டர் தங்கியிருந்த வீட்டருகே 2014-ல் திறந்திருக்கிறார்கள், எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். நகல்தானே என்று குழுக்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனவே நான் கேட்பது 40 பேரும் ஒரே அறையில் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்பதல்ல. வாசலருகே இருக்கும் இரண்டு மூன்று கல்லறையில் உலகமே முட்டி மோதும்போது பக்கத்துச் சரிவில் அதிகாரிகள் கல்லறை காலியாகக் கிடக்கிறது. இரண்டு காலைப் பொழுது இருந்தால் குழுவைப் பிரித்து அனுப்பலாம். முதுகுப் பையைச் சுவரில் உரசிக்கொண்டு போகிற நெரிசலும் குறையும்.

இப்போது தமிழ்ப் பெயர்களுக்கு வருகிறேன், விளம்பரமே அதை வைத்துத்தானே. பிரெஞ்சுக் கீழைத்தேயப் பள்ளியின் சார்லட் ஷ்மிட், லோசான் பல்கலைக்கழகத்தின் இங்கோ ஸ்ட்ராவ் இருவரும் ஆறு கல்லறைகளில் ஏறத்தாழ 30 இந்தியப் பொறிப்புகளை அடையாளம் கண்டு சென்னையில் நடந்த கல்வெட்டு மாநாட்டில் சொன்னார்கள். தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் தமிழும் உண்டு, பிராகிருதமும் சமஸ்கிருதமும் உண்டு. சிகை கொற்றன் என்ற ஒருவர் மட்டும் ஐந்து கல்லறையில் எட்டு இடத்தில் பெயரைக் கீறியிருக்கிறார். படித்ததும் எனக்கும் புல்லரித்தது. ஆனால் அவர் அங்கே தனியாக இல்லை. கிரேக்க, ரோமானியப் பயணிகள் அந்தக் கல்லறைகளில் கீறிய பெயர்களும் வாசகங்களும் 2,000-க்கும் மேல். நான் மேலே சொன்ன ராம்சேஸ் 6 கல்லறையில் மட்டும் சுமார் ஆயிரம். ரோமர் காலத்திலேயே அது ஊர் உலகம் வந்து பார்க்கிற சுற்றுலா இடம். மெம்னான் சிலைகளில் ஒன்று விடியற்காலையில் ஓசை எழுப்பும் என்று கேள்விப்பட்டு, கி.பி. 130-ல் ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் வந்து நின்றிருக்கிறார். நம் ஆள்கள் செங்கடல் துறைமுகங்கள் வழியாக வந்தவர்களாக இருக்க வேண்டும். குசெய்ர் அல் காதிமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்களோடு பானை ஓடுகள் கிடைத்தன, பெரெனிகே கோயிலில் ஒரு பெரிய இந்தியச் சாடியில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. அங்கிருந்து பாலைவனம் கடந்து நைல் கரைக்குச் சரக்கு வந்து சேரும் கோப்டாஸ், லக்சருக்கு வடக்கே 40 கிலோமீட்டர் அளவில்தான். வந்த இடத்தில் வேலையை முடித்துவிட்டு ஊர் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

இதை வைத்து டூர் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவை கல்லில் பெரிதாக வெட்டிய கல்வெட்டுகள் அல்ல. நூற்றுக்கணக்கான கிறுக்கல்களுக்கு நடுவே மெல்லிய கீறல். எந்த இடம் என்ற குறிப்பு இல்லாமல் நீங்களும் நானும் கண்டுபிடிக்க முடியாது. கைடுக்கும் தெரியாது. ‘தமிழ் எங்கே, தமிழ் எங்கே’ என்று கேட்டுக்கொண்டு 40 பேர் டார்ச்சோடு இறங்கினால், அடுத்த சீசனிலேயே காவலாளி ஏதாவது ஒரு கீறலைக் காட்டி ‘தமிழ், தமிழ்’ என்று பக்ஷீஸ் வாங்கிவிடுவார், நாமும் அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு வருவோம். அப்புறம், கொற்றன் எழுதினார் என்று நம் பிள்ளைகள் யாரும் சாவியை எடுத்துவிட வேண்டாம். 2013-ல் லக்சர் கோயில் சிற்பத்தின் மேல் ஒரு சீனச் சிறுவன் பெயர் கீறியது ஊர் சிரித்து, பெற்றோர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

மற்ற ஊர்களைப் பற்றிச் சுருக்கமாக. கர்னாக்கின் 134 தூண் மண்டபத்தைப் பற்றி உங்கள் கட்டுரையிலேயே நன்றாக எழுதியிருந்தார்கள். லக்சர் கோயிலை இரவு விளக்கில் பார்ப்பது சரி. அதன் உள்ளேயே இருக்கும் அபு ஹக்காக் மசூதியின் பழைய கதவு தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நிற்பதைக் கவனியுங்கள், கோயில் மண்ணில் புதைந்திருந்த காலத்தின் தெரு மட்டம் அது. அபு சிம்பெல் தூரம்தான், அஸ்வானில் இருட்டோடு கிளம்ப வேண்டும், ஆனால் விட்டுவிடாதீர்கள். அணை நீரில் மூழ்காமல் 1964 முதல் 1968 வரை மலையோடு அறுத்து 65 மீட்டர் மேலே தூக்கி வைத்த கோயில் என்று தெரிந்து பார்த்தாலும் ஒட்டு கண்ணில் படாது. எட்ஃபு கோயில் அருமை, அங்கே போகும் குதிரை வண்டிகளின் குதிரைகளைப் பார்த்தால்தான் மனசு கேட்காது. கிசாவில் பெரிய பிரமிடுக்குள் ஏறுவதற்குத் தனிக் காசு கொடுத்து, முதுகை மடக்கி ஏறி, உள்ளே ஓர் எழுத்தும் இல்லாத வெறும் கருங்கல் அறையைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். அந்தக் காசையும் நேரத்தையும் படிப் பிரமிடு இருக்கும் சக்காராவுக்குக் கொடுங்கள். கெய்ரோவின் புது மியூசியத்துக்கு முழு நாள் வேண்டும். துட்டங்காமுன் பொருள்கள் 5,000-க்கும் மேல் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. அதற்கும் இரண்டு மணி நேரம்தான் என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன்.

முதியவர்கள் அதிகம் போகும் டூர் இது. வெயில், படி, கழிப்பறை மூன்றையும் யோசித்தாலும் ஒரே காலையில் எல்லாவற்றையும் அடைப்பதை விட இரண்டு காலையாகப் பிரித்துக்கொண்டு மதியம் படுத்து எழுவதுதான் உடம்புக்கு நல்லது. கப்பலில் ஓர் இரவைக் குறைத்து லக்சரில் ஓர் இரவைக் கூட்டினாலே இது நடக்கும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பயணக் கட்டுரை போடும்போது எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் கட்டுரையாளரைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், கட்டுரைக்குப் பக்கத்திலேயே டூர் விளம்பரம் இருந்தாலும் பரவாயில்லை.

குளிர்காலப் பயணங்களுக்கு இப்போதே அட்வான்ஸ் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: மேற்குக் கரையில் மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் கடைகளுக்கு எவ்வளவு, மன்னர்கள் பள்ளத்தாக்கில் எந்த மூன்று கல்லறை, யார் தேர்ந்தெடுப்பது, ராம்சேஸ் 6, சேத்தி டிக்கெட்டுகள் டூர் விலையில் அடக்கமா, இல்லையென்றால் நாமே அங்கே வாங்கிக்கொள்ள நேரம் தருவார்களா, டெயிர் எல் மெடினா உண்டா, கடைக்கு வராதவர்கள் பஸ்ஸில் காத்திருக்க வேண்டுமா, வேறு எங்காவது இறக்கிவிடுவார்களா. பதிலை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். ‘அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம் மேடம்’ என்றால் வேறு கம்பெனி பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், உங்கள் வாசகி,
மதுரை